ஸ்டுர்லாவின் வயிற்றில் இருந்த சிமெண்டு

அந்த ஏப்ரல் மாதம் முழுவதும் எங்கள் ஊரில் சுத்தியல் சத்தம் ஓயவே இல்லை. ஹெல்விக் சின்ன ஊர். துறையில் ஒருவன் தும்மினால் மேட்டுத் தெருவில் கேட்கும். காலையில் காபி கொதிக்கும்போது ஆரம்பிக்கிற அந்த டங் டங், சாயங்காலம் உருளைக்கிழங்கு வேகிற வரை நடக்கும். ஊர் ஆண்கள் ஸ்டுர்லா ஐந்தின் வயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டுர்லா ஐந்து எங்கள் ஊர்த் திமிங்கல வேட்டைக் கப்பல், நீராவியில் ஓடுவது. போர் முடிந்த கையோடு கட்டியது. மூக்கில் ஈட்டி பீரங்கி, நடுவில் ஒற்றைப் புகைபோக்கி. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தென்துருவக் கடலுக்குப் போகும், வசந்தத்தில் திரும்பி வரும். அப்புறம் திமிங்கலமும் தீர்ந்தது, வேட்டையும் தீர்ந்தது. கம்பெனி அதை ஸ்பெயின்காரர்களுக்கு விற்றுவிட்டது. அவர்கள் ஓட்டுகிற மட்டும் ஓட்டிவிட்டு ஒரு துறைமுக மூலையில் துருப்பிடிக்க விட்டுவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் ஊர் ஆண்களுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பெண்டாட்டி காணாமல் போனால்கூட இவ்வளவு தேடியிருக்க மாட்டார்கள். ஊரெல்லாம் வசூல் செய்து கப்பலை இழுத்து வந்து எங்கள் துறையில் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் டுக்னாட். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது, எல்லாரும் கூடிச் செய்கிற ஊர்வேலை. ஆண்கள் சுரண்டுவார்கள், பெண்கள் காபியும் வாஃபிளும் கொண்டுபோவோம். டுக்னாட்டில் ஒரு எழுதாத சட்டம் உண்டு: எவனும் இன்னொருவன் வேலையைப் பார்த்து ‘நிறுத்து’ என்று சொல்லக்கூடாது. சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அந்த வருஷம் மே பதினேழாம் தேதி, தேசிய நாளன்று, நீராவி ஏற்றிப் பயணிகளோடு கடலுக்குள் ஒரு சுற்றுப் போக வேண்டும் என்பது திட்டம். அதற்கு முன்னால் கப்பல் ஆய்வாளர் வந்து பார்த்து அனுமதி தர வேண்டும்.

சங்கத் தலைவர் ஓட்வார் பெயிண்ட் கடைக்காரர். உலகத்தில் எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான், சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது. கப்பலின் அடித்தகட்டின் மேல் உட்பக்கமாகச் சிமெண்டு பூசியிருந்ததைப் பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஸ்பெயின்காரன் வேலை, நம் ஆட்கள் இப்படி அசிங்கமாகப் பூசியிருக்கவே மாட்டார்கள், ஒரு துளி இல்லாமல் எடுத்துவிட்டு இரும்பைக் காட்டினால் ஆய்வாளர் வாய் பிளப்பார் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நம் ஆட்கள் பூசியிருப்பார்களோ என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்தச் சிமெண்டை எடுக்கக் கொதிகலனுக்கு அடியில் படுத்து நுழைய வேண்டும். எண்ணெய்ச் சகதி, இருட்டு, முதுகை நிமிர்த்த இடமில்லை. அதற்கு நான் போகிறேன் என்று முதலில் கை தூக்கியவன் என் வீட்டுக்காரன் ஹால்வ்தான்.

ஏன் தூக்கினான் என்று எனக்குத் தெரியும். ஹால்வ்தான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பான். அவன் வயது ஆண்கள் எல்லாரும் தெற்கே வேட்டைக்குப் போனபோது இவன் மட்டும் ஊரில் அவர்களுடைய பெண்டாட்டிகளைச் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லியே அவனைக் கொன்றார்கள். ‘கரை நண்டு’ என்று பெயர். கல்யாண வீட்டிலும் கரை நண்டு, சாவு வீட்டிலும் கரை நண்டு. சிரித்துக்கொண்டே நிற்பான். வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வான். எனக்குத்தான் வயிறு எரியும்.

நான் அப்போது நகராட்சியில் வீட்டு உதவி வேலை பார்த்தேன். வயதானவர்கள் வீட்டுக்குப் போய்த் தரை துடைத்து, சமைத்து, துணி மடித்து வைப்பது. செவ்வாய்க்கிழமை மேட்டுத் தெருவில் டல்லக்சன் வீடு. ஸ்டுர்லா ஐந்தில் ஈட்டி பீரங்கி பிடித்தவர் அவர். வேட்டைக் கப்பலில் ஈட்டிக்காரர் வைத்ததுதான் சட்டம், கப்பலே அவர் கையில். ஊரில் ஒருத்தரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, ‘ஈட்டிக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். தேவாலயத்தில் பாதிரியாருக்கு முன்னால் அவருக்கு எழுந்து நிற்பார்கள். பனிக்கடலில் அத்தனை வருஷம் ஓட்டியும் கப்பலில் ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்தவர் என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் சமையலறையில் உட்கார்ந்து வாஃபிள் தின்றுகொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. துறையிலிருந்து சத்தம் வந்தது. ஆய்வாளர் வருகிற நாள் நெருங்கிவிட்டதால் அந்த வாரம் தினமுமே வேலை நடந்தது. என்ன இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டார். நான் தரை துடைத்தபடியே, அடிச்சிமெண்டை எடுக்கிறார்கள், முக்கால்வாசி முடிந்துவிட்டது, ஓர் இடத்தில் மட்டும் முழங்கை ஆழத்துக்கு இருக்கிறதாம், என் வீட்டுக்காரன் அதோடுதான் மல்லுக்கட்டுகிறான் என்று பெருமையாகவே சொன்னேன்.

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம். கொதிகலனுக்குக் கீழ.”

வாயிலிருந்ததை விழுங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கை, தொண்ணூறை நெருங்கியும் நடுங்காத கை, மேஜைத் துணியைப் பிடித்துக்கொண்டது. என்ன ஐயா என்று கேட்டேன். அதை அப்படியே விட்டுவிடச் சொல் என்றார். ஏன் என்றேன். சுத்தமாகத்தானே இருக்கிறது, போதும் என்றார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஹால்வ்தான் அதற்குள்ளே படுத்துக் கிடக்கிறான், காரணம் சொல்லாமல் நான் நகரமாட்டேன் என்று அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் சொன்னார். பனிமூட்டம். முன்னால் ஒரு பெரிய நீலத் திமிங்கலம். வேகத்தைக் குறையுங்கள் என்று துணை மாலுமி கெஞ்சினான். குறைக்கவில்லை. தண்ணீருக்கடியில் கிடந்த பனிக்கட்டி தகட்டைக் கிழித்துவிட்டது. தெற்கே கம்பெனித் தளம் இருந்த தீவுக்குப் போய்த் தகடு மாற்றினால் அந்தப் பருவம் முழுக்க வீண், பெயரும் வீண். கித்தான் துணியை அடைத்து, மர ஆப்பு இறுக்கி, மேலே சிமெண்டைக் கொட்டினார்கள். சிமெண்டு இறுகுகிற வரை எய்விந்த் என்ற கொதிகலன் ஆள் ஆப்பின் மேல் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு பனித்தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். அப்புறம் இருமினான். அந்தத் தீவிலேயே அவனைப் புதைத்தார்கள். நுரையீரல் நோய் என்று அவன் அம்மாவுக்குச் சொன்னார்கள். கப்பலில் இருந்த எல்லாரும் வாயைத் திறப்பதில்லை என்று கைமேல் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

“அன்னைக்குக் கப்பல்ல இருந்தவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. இப்ப நான் ஒருத்தன்தான். நீ வாயைத் திறக்கக்கூடாது, டாக்னி. வீட்டுல கேட்டதை வெளியில சொல்ல மாட்டேன்னு நகராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கே.”

எழுதிக் கொடுத்தது உண்மைதான். நான் மேலங்கியைக்கூட மாட்டாமல் துறைக்கு ஓடினேன்.

மேல்தளத்தில் ஓட்வார் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சிமெண்டை எடுக்காதீர்கள், கீழே தகடு கிழிந்திருக்கிறது, ஈட்டிக்காரரே சொன்னார் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஈட்டிக்காரருக்கு வயதாகிவிட்டது, ஏதாவது உளறியிருப்பார், அவர் பனியில் மோதினார் என்று சொன்னால் கல்லறையில் இருக்கிறவன்கூட எழுந்து சிரிப்பான் என்றார். ஹால்வ்தானைக் கூப்பிட்டேன். ஏணிக்கு அடியில் அவன் தலை மட்டும் தெரிந்தது. முகமெல்லாம் கரி, கண் மட்டும் பளபளவென்று. அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஈட்டிக்காரர் வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும், நிறுத்தறேன். உன் பேச்சைக் கேட்டு ஏறி வந்தேன்னு வை, நண்டு வளைக்குள்ள ஓடிடுச்சும்பாங்க. வேண்டாம், டாக்னி.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் ஹால்வ்தான் துறையில் நிறுத்தியிருந்த எங்கள் காரை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டுத் தெருவுக்குப் போனேன். ஈட்டிக்காரர் அசைவதாக இல்லை. நான் கத்தினேன். எய்விந்தின் தங்கச்சி பக்கத்து ஊரில் உயிரோடுதான் இருக்கிறாள், அவள் வீட்டுக் கதவை இன்றைக்கே தட்டுகிறேன் என்றேன். அதற்குத்தான் எழுந்தார். தொப்பியைத் துலக்கிப் போட்டுக்கொண்டார். கார் இறக்கத்தில் போகும்போது, நானே சொல்லிவிடுகிறேன் என்று தானாகவே சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மனிதரைத் திட்டினதற்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன், நான் ஒரு முட்டாள்.

துறையில் அவரைப் பார்த்ததும் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். தொப்பிகள் கழன்றன. ஒருத்தன் நாற்காலி கொண்டுவந்தான், ஒருத்தன் காபி. ஓட்வார் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். பனிக்கடலில் ஒரு கீறல் விழாமல் கப்பலைக் காத்தவர், ஸ்பெயின்காரன் பூசிய அழுக்கிலிருந்து அது விடுதலையாகிற நாளில் நம்மிடையே வந்திருக்கிறார் என்றார். கை தட்டினார்கள். ஹால்வ்தானும் மேலே ஏறி வந்து கரிக்கையால் தட்டினான்.

ஈட்டிக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் காபியை ஒரு வாய் குடித்தார்.

“நல்ல வேலை,” என்றார். “முடிச்சிடுங்க.”

நான் சும்மா இருக்கவில்லை. சமையலறையில் கேட்டதை எல்லாம், பனிமூட்டம், ஆப்பு, எய்விந்த், ஒன்று விடாமல் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். ஈட்டிக்காரர் சிரித்தார்.

“டாக்னி தரையும் நல்லாத் துடைப்பா, கதையும் நல்லாச் சொல்லுவா.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஹால்வ்தான் பக்கம் திரும்பினார். கரி படிந்த அவன் தோளில் கை வைத்தார். ஊரில் யார் தோளிலும் அவர் கை வைத்து நான் பார்த்ததில்லை.

“உன்னை மாதிரி ஒருத்தன் அன்னைக்கு எனக்குக் கெடைச்சிருந்தா, கொதிகலனுக்கு வேற ஆளே தேடியிருக்க மாட்டேன்.”

ஹால்வ்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் முகத்தை அப்படி நான் எங்கள் கல்யாணத்தன்று பார்த்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் கிழவரைக் கடலில் தள்ளியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஹால்வ்தான் சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினான். நானும் பாவாடையைச் செருகிக்கொண்டு அவன் பின்னாலேயே ஏணியில் இறங்கினேன்.

கீழே ஒற்றைக் கைவிளக்கு. எண்ணெய் நாற்றம். ஹால்வ்தான் கொதிகலனுக்கடியில் தவழ்ந்து போனான். நான் அவன் பூட்ஸைப் பிடித்து இழுத்தேன், உதறினான். அந்தத் தடித்த சிமெண்டு அதற்குள் நன்றாக விரிசல் விட்டிருந்தது. உளியை வைத்து ஒரு போடு போட்டான். பெரிய பாளமாக ஒரு துண்டு கழன்று வந்தது.

அடியில் இரும்பு இல்லை. கறுத்துப்போன ஒரு மர ஆப்பு இருந்தது. சுற்றிலும் மக்கிய கித்தான். முதலில் வேர்க்கிற மாதிரி ஈரம் கசிந்தது. ஹால்வ்தான் உளியைக் கீழே போட்டான். அந்த ஆப்பைப் பார்த்தான், திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அடுத்த நொடி ஆப்பு பிடுங்கிக்கொண்டு அவன் தோளில் அடித்தது, பின்னாலேயே கடல் வந்தது.

அவன் வெளியே வந்திருக்கலாம், வழி இருந்தது. வராமல் புரண்டு அந்தக் கிழிசலில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டான். ஏப்ரல் மாதத்துக் கடல்தண்ணீர், போன வாரம்வரை அதன் மேல் பனி கிடந்தது. நான் மேலே பார்த்துக் கூப்பாடு போட்டேன். ஓடி வந்தார்கள். பம்பு வைத்தார்கள், கிழிசலை அடைக்க மெத்தை கொண்டுவந்தார்கள், புது ஆப்பு செதுக்கினார்கள். அதுவரை அவன் அசையவில்லை. தண்ணீர் அவன் மார்புவரை ஏறி நின்றது. நான் அவன் தலையைத் தாங்கிக்கொண்டே, செத்துப்போயிடாதே, செத்துப்போயிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆப்பை இறுக்கிவிட்டு அவனை வெளியே இழுத்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்பளியில் சுற்றி வாயில் அக்வாவிட் சாராயம் ஊற்றினார்கள். ‘ஸ்டுர்லாக்காரன்’ என்று அன்றைக்குத்தான் பெயர் வைத்தார்கள். அதற்கப்புறம் கரை நண்டு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்கள் எல்லாரும் அந்த ஆப்பைப் பார்த்தார்கள், உள்பக்கமாக நெளிந்து கிழிந்த தகட்டைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று ஓட்வார் சொன்னார். அந்தப் பழைய ஆப்பு எங்கே போயிற்று என்று இதுவரை எனக்குத் தெரியாது.

காய்ச்சல் விட்டதும் ஹால்வ்தான் முதல் வேலையாகத் துறைக்குப் போனான். இருமிக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது அவன் சட்டையில் சிமெண்டு. கிழிசலின் மேல் அவனே கொட்டிப் பூசிவிட்டு வந்திருக்கிறான். மேலே ஓட்வாரின் சாம்பல் நிறப் பெயிண்ட் இரண்டு பூச்சு. தேசிய நாளன்று கொதிகலன் அறை அவன் பொறுப்பு என்று ஈட்டிக்காரர் சொல்லிவிட்டாராம். கடலுக்குள் போகும்போது அந்த இடத்துக்கு மேலேயே நிற்கப்போகிறான். நீ அந்த ஆப்பைப் பார்த்தாய் இல்லையா என்று கேட்டேன். பார்த்தேன் என்றான். சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அறுபது வயசுக்கு மேல எனக்கு ஒரு எடம் கெடைச்சிருக்கு, டாக்னி. அதைக் கெடுத்துடாதே.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அலை ஒன்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும். அவன் கீழே, கதவு சின்னது, ஏணி செங்குத்து. படுத்தால் அதுதான் கண் முன்னால் நிற்கும். பக்கத்தில் அவன் சிரித்த முகத்தோடு தூங்குவான், தூக்கத்தில் இருமுவான்.

ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், நல்லவராகத்தான் தெரிந்தார். இயந்திரத்தைப் பார்த்தார், கொதிகலனைப் பார்த்தார், கீழே இறங்கிச் சில இடங்களில் தட்டினார். வலப்பக்கத்துச் சிமெண்டைக் காட்டி அடியில் எப்படி என்று கேட்டாராம். நல்ல தகடு, நானே பார்த்தேன் என்று ஹால்வ்தான் சொன்னானாம். மேல்தளத்துக்கு வந்ததும் கைகுலுக்கல் ஆரம்பித்துவிட்டது. ஈட்டிக்காரர் பீரங்கிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் கையை நீட்டிக்கொண்டு ஹால்வ்தான் பக்கம் வந்தபோது காபிக் கெட்டிலைக் கீழே வைத்தேன்.

“அந்த சிமெண்டைச் சுத்தியலால அடிச்சுப் பாருங்க,” என்றேன். “பெயிண்டைப் பாக்காதீங்க. அடிச்சுப் பாருங்க.”

ஹால்வ்தான் என்னைப் பார்த்தான். கோபமே இல்லை அந்தப் பார்வையில். வேண்டாம் என்று கெஞ்சினான், அதுவும் வாயைத் திறக்காமல். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. டாக்னிக்கு உடம்பு சரியில்லை என்று ஓட்வார் குறுக்கே வந்தார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். ஆய்வாளர் பின்னால் வந்தார். கொதிகலனுக்கடியில் நானே தவழ்ந்து போய் அந்த இடத்தில் கையை வைத்துக் காட்டினேன். அவர் எட்டி ஒரு அடி அடித்தார், லேசாகத்தான். பெயிண்ட் தோல் உரிந்தது. விரிசலிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கி என் முழங்கையை நனைத்தது.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. அனுமதி இல்லை. கப்பலைத் தண்ணீரை விட்டே தூக்கி, துறைக்குப் பக்கத்தில் கான்கிரீட் மேடை கட்டி அதன் மேல் நிறுத்திவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கொதிகலனில் நெருப்பு கிடையாது. அடித்தகடு ஸ்பெயினில் இருந்த காலத்தில் சேதமடைந்தது என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். ஈட்டிக்காரர் அடுத்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். ஊரே திரண்டு சவப்பெட்டியைச் சுமந்தது. தேவாலயத்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. நகராட்சி வேலையும் போயிற்று, வீட்டுப் பேச்சை வெளியில் சொன்னேன் என்று. அது நியாயம்தான், சொன்னேன்.

ஹால்வ்தானை அவர்கள் பிறகு கூப்பிடவில்லை. கரை நண்டு என்றுகூடச் சொல்வதில்லை, பேரே சொல்வதில்லை. அவன் என்னோடு பேசுவதில்லை. ஒரே வீடுதான். நான் வைத்ததைச் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அந்த இருமல் மட்டும் அவனை விடவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். கோபம் இருந்துவிட்டுப் போகட்டும். கோபப்பட ஆள் இருக்கிறானே.